உறுதியுரையில் யாருடைய பெயரைச் சொல்வது?



பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்து நம் உறவுகளுக்கும், எங்களோடு ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் மற்றச் சமய நண்பர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் வேலை தொடங்கும் முதல் நாளில் அரச உத்தியோகத்தர்கள் தேசியக் கொடியின் முன் நின்று உறுதியுரை எடுக்கிறோம். கச்சேரி, பிரதேச செயலகம், ஆஸ்பத்திரி, கல்விப் பணிமனை என்று எல்லா இடத்துப் படங்களும் மத்தியானத்துக்குள் முகநூலுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளைக்கு எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுத்தான். "கொடிக்கு முன்னால நின்டு சத்தியம் செய்யிறது மார்க்கத்தில கூடுமா? சத்தியம் என்டா அல்லாஹ்ட பேர்லதானே செய்யணும்?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். ஆசிரியர் அறையில் இருக்கும் நண்பர்கள் மறுபக்கத்திலிருந்து கேட்பார்கள்: "சாமி பேரே இல்லாம இது என்ன சத்தியம்? சாமிக்குப் பயப்படாதவன் சட்டத்துக்கா பயப்படப் போறான்?"

இரண்டு கேள்வியும் நியாயமானவை. பதில் சொல்வதற்கு முன்னால், நாம் உண்மையில் என்ன சொல்கிறோம், எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நம்மில் பலர் அந்தத் தாளை வாசித்ததே இல்லை.

நியமனம் கிடைத்த நாட்களில் எங்களிடம் இரண்டு உறுதியுரைகளில் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்று அரசியலமைப்பின் நான்காம் அட்டவணையில் உள்ளது. பதவிக்குரிய கடமைகளை அரசியலமைப்புக்கும் சட்டத்துக்கும் இணங்கச் செய்வேன், இலங்கைக் குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன், அரசியலமைப்பைப் பாதுகாப்பேன் என்பது அதன் சாரம். மற்றது ஏழாம் அட்டவணை. 1983 ஆகஸ்டில், ஜூலைக் கலவரத்தின் சாம்பல் ஆறுவதற்கு முன்னால், ஆறாம் திருத்தத்தோடு வந்தது. நாட்டுக்குள் தனியரசு ஒன்று அமைவதை நேராகவோ மறைமுகமாகவோ ஆதரிக்க மாட்டேன் என்று அதில் சொல்கிறோம். அன்று பாராளுமன்றத்தில் இருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் அந்த உறுதியுரையை எடுக்க மறுத்துத் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். அது அரசியல் காரணம், சமயக் காரணம் இல்லை. ஆனாலும் ஓர் உறுதியுரையின் நாலு வரி ஒரு மனிதனின் பதவியையே எடுத்துவிடும் என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் உதாரணம் அது.

இந்த இரண்டு தாளிலும் ஒரு சின்ன விடயம் இருக்கிறது. உறுதிசெய்கிறேன் என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு சாய்கோடு, அதற்கடுத்து சத்தியம் செய்கிறேன் என்று இன்னொரு சொல். இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடலாம். எந்தக் கடவுளின் பெயரும் அதில் இல்லை. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. ஆனால் அதே அரசியலமைப்பில் வரும் உறுதியுரைகளில் மும்மணிகளின் பெயரும் இல்லை. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் வைத்து ஜனாதிபதியாகப் பதவியேற்றதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். இடம் விகாரை. ஆனால் சட்டம் கேட்கும் வாசகம், கொழும்பில் எடுத்தாலும் பதுளையில் எடுத்தாலும் அதே வாசகம்தான்.

அந்தச் சாய்கோடு ஏன் வந்தது?

நம் நாட்டில் சத்தியங்கள், உறுதியுரைகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது. பௌத்தரும் இந்துவும் முஸ்லிமும், சத்தியம் செய்வது தன் மனச்சாட்சிக்கு விரோதம் என்று நினைக்கும் எவரும், சத்தியத்துக்குப் பதிலாக உறுதி கூறலாம் என்று அது சொல்கிறது. நாம் சமாதான நீதவானிடம் கொண்டுபோகும் சத்தியக் கடதாசியின் முதல் வரியிலேயே நம் சமயத்தைக் கேட்பது இதனால்தான். பெயர் சத்தியக் கடதாசி. ஆனால் அதில் நாம் செய்வது உறுதிசெய்தல். கிறிஸ்தவர் என்றால் சத்தியம் செய்து சொல்வதாக எழுதுவார்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டுக்கும் ஒரே பாரம். சத்தியம் செய்துவிட்டுப் பொய்ச் சாட்சி சொன்னாலும், உறுதி கூறிவிட்டுப் பொய்ச் சாட்சி சொன்னாலும் குற்றம் ஒன்றுதான்.

வெள்ளைக்காரன் நம்மீது இரக்கப்பட்டுத் தந்த சலுகை என்று இதை நினைக்க வேண்டாம். அவன் நாட்டிலேயே இந்தப் பிரச்சினை பெரும் பிரச்சினையாக இருந்தது. 1847இல் லண்டன் நகரத்திலிருந்து லயனல் டி ரொத்சைல்ட் என்ற யூதர் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அன்றைய உறுதியுரையில் மெய்யான கிறிஸ்தவ விசுவாசத்தின் பேரில் என்று ஒரு சொற்றொடர் இருந்தது. அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. மக்கள் திரும்பத் திரும்ப அவரைத் தெரிவு செய்தும், ஆசனத்தில் அமர 1858 வரை 11 வருடம் காத்திருந்தார். 1880இல் தெரிவான சார்ல்ஸ் பிராட்லோ கடவுள் நம்பிக்கை இல்லாதவர். உறுதி கூற அனுமதி கேட்டார், மறுத்தார்கள். சரி, சத்தியமே செய்கிறேன் என்று வந்தார், அதற்கும் விடவில்லை. 1886இல்தான் அவருக்கு வழி திறந்தது. 1888இல் விரும்பியவர் உறுதி கூறலாம் என்று சட்டம் வந்தது. ஒரு யூதரும் ஒரு நாத்திகரும் வாசலில் நின்ற அந்த வருடங்களை நினைத்தால், நம் தாளில் இருக்கும் சின்னச் சாய்கோட்டின் பெறுமதி விளங்கும்.

இனி மார்க்கத்துக்கு வருவோம்.

சத்தியம் செய்வதானால் அல்லாஹ்வின் பெயரில் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மௌனமாக இருக்க வேண்டும் என்ற கருத்தில் வரும் ஹதீஸை நாம் எல்லோரும் மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். பெற்றோர் மீது, கஃபாவின் மீது, வேறு எதன் மீதும் சத்தியம் செய்யக்கூடாது. செய்த சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடோ உடுப்போ கொடுக்க வேண்டும், முடியாதவர் மூன்று நாள் நோன்பு பிடிக்க வேண்டும் என்று அல்மாஇதா சூராவில் வருகிறது. நம்மைப் பொறுத்தவரை சத்தியம் விளையாட்டுப் பேச்சு இல்லை. கடையில் விலை பேசும்போது நாலு தடவை வல்லாஹி சொல்கிறோமே, அதுதான் கேள்விக்குரியது.

ஆகவே உறுதிசெய்கிறேன் என்ற பக்கத்தை எடுப்பதில் நம் மார்க்கத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அங்கே நாம் யார் மீதும் சத்தியம் வைக்கவில்லை. கொடியின் மீதும் வைக்கவில்லை. ஒரு வாக்குக் கொடுக்கிறோம். கொடுத்த வாக்கைப் பற்றி நாளை மறுமையில் விசாரணை உண்டு என்பதும், வாக்கு மாறுவது நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்று என்பதும் நமக்குத் தெரியும். அல்லாஹ்வின் பெயரை வாயால் சொல்லாததனால் அந்த வாக்கு இலேசாகிவிடாது.

இதற்கு ஹுதைபிய்யாவை விடப் பெரிய பாடம் வேறு எங்கே இருக்கிறது? ஹிஜ்ரி 6இல் மக்கா குறைஷிகளோடு உடன்படிக்கை எழுதும்போது, பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்று தொடங்கச் சொன்னார்கள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். ரஹ்மான் என்ற பெயரை ஏற்க மாட்டோம், பிஸ்மிக்க அல்லாஹும்ம என்று பழைய முறையில் எழுதுங்கள் என்றார் குறைஷிகளின் பிரதிநிதி ஸுஹைல் இப்னு அம்ர். நபியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அல்லாஹ்வின் தூதர் முஹம்மத் என்று எழுதியபோது அதற்கும் மறுப்பு வந்தது. தூதர் என்று ஏற்றிருந்தால் உங்களோடு சண்டை பிடித்திருப்போமா என்ற கேள்வி. எழுதிக்கொண்டிருந்த அலி ரழியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு அந்தச் சொல்லை அழிக்க மனம் வரவில்லை. நபியவர்களே அதை அழித்தார்கள். அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத் என்று எழுதப்பட்டது.

கதை அங்கே முடியவில்லை. அந்த நேரத்தில்தான் ஸுஹைலின் சொந்த மகன் அபூஜந்தல், இஸ்லாத்தை ஏற்றதற்காகக் கட்டிவைக்கப்பட்டிருந்தவர், விலங்கோடு தப்பி முஸ்லிம்களிடம் வந்து சேர்ந்தார். மக்காவிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது உடன்படிக்கை. ஸஹாபாக்களின் நெஞ்சு வெடித்தது. ஆனாலும் நபியவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். தூதர் என்ற சொல் அழிக்கப்பட்ட ஒரு தாளுக்கு அந்தளவு பெறுமதி கொடுத்தார்கள். எதிரில் இருப்பவரும் கையெழுத்து வைக்கக்கூடிய சொற்களில் எழுதியது ஒரு ஸுன்னா. எழுதியதை எழுத்துக்கு எழுத்துக் காத்தது இன்னொரு ஸுன்னா.

உலகத்தில் ஆகப் பெரிய முஸ்லிம் சமூகம் வாழும் இந்தோனேசியாவிலும் இது நடந்தது. சுதந்திரப் பிரகடனத்துக்கு முன்னால் தயாரித்த சாசனத்தில், ஷரீஆவைப் பின்பற்றுவது முஸ்லிம்களின் கடமை என்ற பொருளில், அவர்களுடைய மொழியில் ஏழு சொற்கள் இருந்தன. கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் இதோடு எங்களால் சேர முடியாது என்று தெரிவித்தார்கள். 1945 ஆகஸ்ட் 18ஆம் திகதி முஸ்லிம் தலைவர்கள் கூடிப் பேசி அந்த ஏழு சொற்களையும் எடுத்துவிட்டார்கள். முஹம்மத் ஹத்தா அதில் முன்னின்றார். அந்த ஏழு சொற்களைப் பற்றிய வாதம் அந்த நாட்டில் பின்னரும் ஓயவில்லை. ஆனால் நாடு அன்றைக்கு உடையவில்லை.

இதற்கு மறுபக்கத்து உதாரணம் அமெரிக்கா. அங்கே பாடசாலைப் பிள்ளைகள் கொடியைப் பார்த்துச் சொல்லும் உறுதிமொழியை 1892இல் எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி, ஒரு கிறிஸ்தவப் போதகர். போதகராக இருந்தும் அவர் அதில் கடவுளின் பெயரைச் சேர்க்கவில்லை. 62 வருடத்துக்குப் பிறகு, சோவியத் யூனியனோடு பனிப்போர் நடந்த காலத்தில், எங்களுடையது கடவுளை நம்பும் நாடு என்று காட்டுவதற்காக, 1954 ஜூன் 14இல் கடவுளின் கீழ் என்ற சொல்லைச் சட்டம் போட்டுச் சேர்த்தார்கள். அதைப் பற்றிய வழக்கு 2004இல் அவர்களின் உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்குத் தொடுத்த தகப்பனுக்கு மகள் சார்பில் வாதாட உரித்தில்லை என்று சொல்லி, மூலக் கேள்வியைத் தொடாமலே முடித்தார்கள். அதே நாட்டில் அதற்கு முன்பே, 1943 ஜூன் 14இல், கொடிக்கு வணக்கம் செலுத்தும்படி எந்தப் பிள்ளையையும் பாடசாலை கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பு வந்திருந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவின் பிள்ளைகளால் வந்த தீர்ப்பு அது.

அதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளை 1985இல் கேரளாவில் ஒரு பாடசாலையிலிருந்து விலக்கினார்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். 1986 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் பக்கம் நின்றது. எழுந்து நிற்பதே மரியாதை, வாய் திறக்காதது அவமரியாதை ஆகாது என்பது அதன் முடிவு. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்டம் படிக்கும் பிள்ளைகள் அதை இன்றும் படிக்கிறார்கள்.

தமிழ்நாட்டு அரசியலைப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். இந்திய அரசியலமைப்பு கடவுளின் பெயரால் ஒரு வழியும், கடவுள் பெயர் இல்லாத உறுதிமொழியாக இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. 2021 மே மாதத்தில் மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்றபோது உளமார உறுதிமொழிகிறேன் என்றுதான் சொன்னார். ஒரே மேடையில் ஒருவர் ஆண்டவன் பெயரால் சொல்லலாம், அடுத்தவர் உளமார என்று சொல்லலாம். சபையில் யாரும் எழுந்து போவதில்லை.

இவ்வளவும் பெரிய இடத்துக் கதைகள். எங்கள் தோட்டப் பாடசாலையில் இது எப்படி வருகிறது என்பதையும் சொல்கிறோம்.

எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இந்துப் பிள்ளைகள். கத்தோலிக்கர் கொஞ்சம், சபைக்குப் போகும் குடும்பங்கள் கொஞ்சம், கடைவீதியிலிருந்து வரும் நம் பிள்ளைகள் சிலர். தாய் சிங்களம், தகப்பன் தமிழ் என்ற வீடுகளும் உண்டு. மாணவர் தலைவர்களுக்குச் சின்னம் சூட்டும் நாளுக்கு ஓர் உறுதிமொழி வேண்டும். பல வருடமாகக் கைமாறி வந்த ஒரு வாசகம் இருந்தது. எல்லாம் வல்ல இறைவன் மீது ஆணையாக என்று அது தொடங்கும். இறைவன் என்ற சொல்லில் எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்கும் பிரச்சினை இல்லை. கோயிலிலும் சொல்கிறார்கள், தேவாலயத்திலும் சொல்கிறார்கள், நம் மௌலவிமார் குத்பாவிலும் சொல்கிறார்கள். தமிழில் இதைவிடப் பொதுவான சொல் கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒத்திகையில் தரம் 10 பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், எங்க அம்மா பன்சலைக்குப் போறவங்க. நானும் அம்மா கூடத்தான் போவேன். அங்க படைச்சவருன்னு யாரையும் சொல்ல மாட்டாங்க. நான் யாரு மேல ஆணை வைக்கிறது?"

அவளுக்குப் பின்னால் நின்ற பையன், அவனுடைய வீடு சபைக்குப் போகும் வீடு, மெதுவாகச் சொன்னான்: "எங்க பாஸ்டர் எதுமேலயும் சத்தியமே பண்ணக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு டீச்சர். பைபிள்லயே இருக்காம்."

இரண்டு பிள்ளைகள் சொன்னதும் சரி. பௌத்தத்தில் படைத்த இறைவன் என்று ஒருவர் இல்லை. இந்த நாட்டில் 100 பேரில் சுமார் 70 பேர் பௌத்தர். எல்லோருக்கும் பொது என்று நாம் நினைத்த சொல், நாட்டின் பெரும்பான்மையையே வெளியே நிறுத்தும் சொல்லாக இருக்கிறது. மத்தேயு சுவிசேஷத்தில் ஈஸா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் சொன்னதாக வரும் போதனை, சத்தியமே வேண்டாம், உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்பது. இறைவனின் பெயரை மதிப்பதால்தான் அந்தப் பையன் அதை வாயில் எடுக்கத் தயங்குகிறான். அவனை இறைவனுக்காகவே வற்புறுத்தினால் அது என்ன நியாயம்?

நாங்கள் மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசினோம். எங்களில் ஒருவர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சொன்னார்: "லயத்துல ஏதாவது களவு போச்சுன்னா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் சூடம் அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்வாங்க. பொய் சொன்னவன் கை நடுங்கும். அந்தப் பயம் இல்லாத சத்தியத்துல என்ன இருக்கு?" அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 1895ஆம் ஆண்டுச் சட்டமே, வழக்கில் ஒருவர் தன் சமூகத்தைக் கட்டுப்படுத்தும் முறையில் சத்தியம் செய்ய முன்வந்தால், நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கலாம் என்கிறது. ஆனால் சூடம் அடித்து நடுங்குவது மாரியம்மனை நம்புகிறவனின் கை. நம்பாதவனின் கை நடுங்காது. பயம் உள்ளவன் அந்தப் பயத்தைத் தன்னோடுதான் கொண்டுவருகிறான். வாசகத்தில் ஒரு சொல்லை எழுதி இல்லாத பயத்தை உண்டாக்க முடியாது.

ஆசிரிய கலாசாலையில் காலைக் கூட்டம் நடந்த முறை அப்போது கைகொடுத்தது. அங்கே சமய அனுட்டானத்துக்கு ஒரு நேரம், பொதுவான உறுதிமொழிக்கு ஒரு நேரம். முதலாவதில் அவரவர் தம் முறையில். இரண்டாவதில் எல்லோரும் ஒரே சொற்களில். நாங்களும் அப்படியே செய்தோம். தொடக்கத்தில் ஒரு நிமிடம் மௌனம். யாருக்கு எது பிரார்த்தனையோ அது. பிறகு, எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் முன்னிலையில் உறுதி கூறுகிறோம் என்று தொடங்கும் வாசகம். அந்தப் பெண் பிள்ளையும் பையனும் நம் கடைவீதிப் பிள்ளைகளும் சேர்ந்து சத்தமாகச் சொன்னார்கள். வாயை அசைத்துக்கொண்டு சும்மா நின்றவர் யாரும் இல்லை.

ஒரே சொல் இரண்டு காதில் இரண்டு விதமாகக் கேட்கும் என்பதும் நமக்குப் புதிது இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் காலையில் வணக்கம் டீச்சர் என்பார்கள். அவர்களுக்கு அது மரியாதை. நம் வீட்டுத் தமிழில் வணக்கம் என்றால் இபாதத், அல்லாஹ்வுக்கு மட்டும் உரியது. அதனால் புதிதாக வரும் நம் ஆசிரியர்கள் சிலர் பதில் சொல்லத் தடுமாறுவார்கள். சிலர் குட் மோர்னிங் சொல்வார்கள், சிலர் சிரித்துத் தலையசைப்பார்கள். பிள்ளை எந்த மனதோடு சொல்கிறது என்று தெரிந்தவர் அதைத் தப்பாக எடுக்க மாட்டார். நம்முடைய தயக்கத்தைப் பிள்ளைகளும் புரிந்துகொள்வார்கள், ஒரு தடவை விளக்கமாகச் சொன்னால் போதும். ஆனால் உறுதிமொழி வணக்கம் மாதிரி இல்லை. வணக்கத்தைச் சொல்பவர் சொல்லலாம், விடுபவர் விடலாம். உறுதிமொழியை எல்லோரும் சொல்லியே ஆக வேண்டும். கட்டாயம் எங்கே இருக்கிறதோ அங்கே சொல் எளிமையாக இருக்க வேண்டும்.

தோட்டத்து மக்களுக்கு இந்த உறுதியுரை விடயத்தில் நம்மைவிட நீண்ட நினைவு இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் பதிவுப் பிரஜாவுரிமைக்கென்று வந்த சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். இந்தியக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த நம் முஸ்லிம் குடும்பங்களும் அந்த வரிசையில் நின்றன. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று வைத்தார்கள். எஞ்சியவர்களுக்கு முழுமையாக வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான். விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல இந்த மக்கள் எப்போதும் தயாராக இருந்தார்கள். அந்த விசுவாசத்தை ஏற்றுக்கொள்ள நாடுதான் 55 வருடம் எடுத்தது. மாரியம்மன் மேல் சூடம் அடித்துச் சொல்லியிருந்தாலும் ஒரு நாள்கூடக் குறைந்திருக்காது. உறுதியுரை என்பது இரண்டு பக்கத்துக் காரியம்.

நம் பக்கத்தில் 2019 இருக்கிறது. உயிர்த்த ஞாயிறு அன்று சிலர் செய்த கொலைகளுக்குப் பிறகு வந்த மாதங்களில், நம்மில் ஒவ்வொருவரும் எங்கோ ஓர் இடத்தில் நாட்டுப்பற்றை நிரூபித்துக் காட்ட வேண்டியிருந்தது. பஸ்ஸில், வங்கியில், பாடசாலை வாசலில். அப்படியான காலத்தில் இரண்டு விதமான ஆட்கள் உருவாவார்கள். பயத்தில் எதற்கும் தலையாட்டி, என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே உரத்துச் சொல்பவர் ஒருவர். கோபத்தில், இதெல்லாம் நமக்குக் கூடாது என்று ஒதுங்கி நிற்பவர் இன்னொருவர். இருவருமே தாளை வாசிக்காதவர்கள். வாசித்திருந்தால், நம்மிடம் கேட்கப்பட்டது நம் மார்க்கம் ஏற்கனவே நம்மீது கடமையாக்கிய அமானிதம்தான் என்று விளங்கியிருக்கும். வேலையை ஒழுங்காகச் செய், சட்டத்துக்குக் கட்டுப்படு, கொடுத்த வாக்கைக் காப்பாற்று.

சிலர் கேட்கலாம், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லியே செய்ய ஆசைப்படும் முஸ்லிம் என்ன செய்வது என்று. தடை இல்லை. 2007 ஜனவரியில் அமெரிக்க காங்கிரஸின் முதல் முஸ்லிம் உறுப்பினர் கீத் எலிசன், தோமஸ் ஜெபர்சனுக்குச் சொந்தமாக இருந்த குர்ஆன் மொழிபெயர்ப்புப் பிரதியின் மீது கைவைத்துத் தன் பதவியேற்பு வைபவத்தைச் செய்தார். அது அவருடைய தெரிவு. பக்கத்தில் நிற்பவரையும் அதன் மீது கைவைக்கச் சொல்லாத வரைக்கும் அது அழகு. நாமும் உறுதியுரைக்கு முன்னால் மனதுக்குள் பிஸ்மில்லாஹ் சொல்லலாம், முடிந்ததும் துஆ கேட்கலாம். அதை யாரும் வெட்ட முடியாது.

இனி வேண்டுகோள்கள். இந்த வருடம் நியமனம் பெறும் தம்பி தங்கைகளே, படிவம் கையில் வந்ததும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். உறுதிசெய்கிறேன், சத்தியம் செய்கிறேன் இரண்டில் நீங்கள் சொல்லாததை ஒரு கோடு போட்டு வெட்டுங்கள். கேட்டால் காரணம் சொல்லுங்கள், அது உங்கள் சட்டபூர்வமான உரிமை.

அதிபர்மாருக்கும் சக ஆசிரியர்களுக்கும், விளையாட்டுப் போட்டிக்கும் மாணவர் தலைவர் நாளுக்கும் சாரணர் கூட்டத்துக்கும் நாம் தயாரிக்கும் வாசகங்களை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். உங்கள் பாடசாலையில் ஆகக் குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் பிள்ளை யார் என்று யோசியுங்கள். அந்தப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு, இதை உன்னால் உண்மையாகச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். நம் முஸ்லிம் பாடசாலைகளில் படிக்கும் ஒன்றிரண்டு தமிழ், சிங்களப் பிள்ளைகளுக்கும் இதே அளவுகோல்தான்.

பெற்றோருக்கு, பிள்ளை வீட்டுக்கு வந்து இன்று உறுதிமொழி எடுத்தோம் என்றால், கூடுமா கூடாதா என்று உடனே வட்ஸ்அப்பில் போடாதீர்கள். என்ன சொன்னாய், அதற்கு என்ன அர்த்தம் என்று முதலில் பிள்ளையிடமே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் வந்து பேசுங்கள்.

மாணவர் தலைவர் உறுதிமொழிக்கு எங்கள் வாசகம் தேவைப்படும் ஆசிரியர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறோம். உங்களிடம் இதைவிட நல்ல வாசகம் இருந்தால் எங்களுக்கும் தாருங்கள்.

நாம் கொடுக்கும் வாக்குகளை நிறைவேற்றும் பாக்கியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. வஸ்ஸலாம்.